பிளாப்பிக்குப் பொட்டு

கம்ப்யூட்டர் வந்த புதிது. சிவகாசி அச்சகம் ஒன்றில் தமிழ் எழுத்து கோக்கும் புரோகிராம் ஒரே ஒரு பிளாப்பியில் இருந்தது. அதைச் செருகினால்தான் வேலை ஓடும். நகல் எடுக்க முடியாதபடி விற்ற கம்பெனி பூட்டு போட்டிருந்தது.

"இது கெட்டுப்போனா காலண்டர் வேலை மொத்தமும் நின்னுரும். இன்னொண்ணு குடுங்க சார்" என்று ஆபரேட்டர் சுடர்க்கொடி கேட்டாள்.

அந்தக் கம்பெனியின் மேனேஜர் ரங்கபாஷ்யம் சிரித்தார். "பத்திரமா வச்சுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டாவது எதுக்கும்மா?"

"சரி சார். ஆயுத பூஜைக்காவது வந்துட்டுப் போங்க."

மேனேஜர் வந்தார். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அச்சக முதலாளி, கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த பிளாப்பியை எடுத்து, உறை இடைவெளியில் தெரிந்த தகட்டிலேயே சந்தனத்தை அப்பினார்.

"ஐயையோ, போச்சு!" மேனேஜர் தலையில் கை வைத்தார்.

"சோறு போடுற சாமானுக்குப் பொட்டு வைக்காம விடுவாங்களா?" என்றார் முதலாளி.

"இவர்கிட்ட இருந்து எப்படி சார் பத்திரமா வச்சுக்கிறது?" என்றாள் சுடர்க்கொடி.

 மேனேஜர் பையிலிருந்து அதே புரோகிராம் உள்ள புது பிளாப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுடர்க்கொடி மேஜை டிராயரைத் திறந்து, உள்ளே பத்திரமாக இருந்த அசல் பிளாப்பியோடு அதையும் வைத்தாள்.

முதலாளி விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "காலி பிளாப்பிக்கு இவ்வளவு சந்தனம் போதுமா தாயி?"