நான்கு வேலைச் சட்டை

கடல் நடுவே சுரைத்தீவு என்று ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவுக்காரர்களுக்கு மூட்டை சுமப்பது என்றால் ஆகாது. அதனால் உடுத்துகிறதையே எல்லா வேலைக்கும் பழக்கியிருந்தார்கள். இடுப்புக் கச்சையை உருவினால் கயிறு. தொப்பியைக் கழற்றித் திருப்பினால், படகில் ஏறும் தண்ணீரை இறைக்கும் கிண்ணம். பெருமீனின் குடல்தோலில் தைத்த சட்டைக்கோ நான்கு வேலை. போட்டால் உடை, கம்பத்தில் கட்டினால் பாய், அடியையும் கையையும் கழுத்தையும் முடிந்தால் தண்ணீர்ப்பை, ஊதிக் கட்டினால் மிதவை. சட்டையே மிதக்கும்போது நீச்சல் எதற்கு என்று அங்கே ஒருவரும் நீந்தக் கற்கவில்லை. கெட்டிக்காரத்தனம் அவ்வளவு தூரம் போயிருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கரையை விடும்போது ஒவ்வொன்றுக்கும் அன்றைய பெயரைச் சொல்லிவிடுவார்கள். மறுகரை சேரும்வரை அது அந்த வேலையை விட்டு நகரக் கூடாது.

திரையாள் என்பவளின் சட்டைக்கு இதனால் நிம்மதியே இல்லை.

"முந்தாநாள் உடை, நேத்து பாய், இன்னைக்குத் தண்ணிப்பை. உண்மையில நான் யாரு?" என்று அது தொப்பியிடம் கேட்டது.

"எனக்கு அந்தக் குழப்பமே கிடையாது. தலையில இருந்தா தொப்பி, கையில இருந்தா கிண்ணம்."

"தலையிலேர்ந்து கைக்கு வர்றப்போ?"

அன்று முழுக்கத் தொப்பிக்கும் தலை சுற்றியது.

திரையாளும் அவள் கணவன் ஓரியும் மூன்று நாள் தொலைவிலுள்ள தீவுக்குக் கிளம்பினார்கள். அவன் சட்டைக்குப் பாய் என்று பெயர் சொன்னார்கள். அவள் சட்டைக்குத் தண்ணீர்ப்பை.

இரண்டாம் நாள் மதியம் ஒரு பெரிய அலை படகைக் கவிழ்த்தது. பாய் படகுக்கு அடியில் சிக்கிக்கொண்டது, தொப்பி போன இடம் தெரியவில்லை. திரையாள் எப்படியோ கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிவிட்டாள். தோளில் தண்ணீர்ப்பை தொங்கியது. பத்துக் கை தூரத்தில் ஓரி முங்கி முங்கி எழுந்தான்.

அவள் பையின் கழுத்து முடிச்சில் கை வைத்தாள். சட்டைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் அதற்கு முதலிலேயே கிடையாது. பயத்தில் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"நான் தண்ணிப்பை. கரையில நீதானே சொன்னே."

"அவிழு."

"கரைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கு. குடிக்கத் தண்ணி வேண்டாமா?"

"குடிக்க ஆள் வேண்டாமா?"

அவள் அழுதுகொண்டே பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். நல்ல தண்ணீர் மொத்தமும் உப்புத் தண்ணீரில் கொட்டியது. இனி சட்டை தண்ணீர்ப்பை இல்லை. வேறு பெயரையும் யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அவள் கழுத்துவழியே மூச்செல்லாம் ஊதினாள். ஊதிக் கட்டி, கச்சையை உருவி அதில் முடிந்தாள். கச்சை ஒரு கேள்வியும் கேட்காமல் கயிறானது.

"அப்போ இப்ப நான் யாரு?" என்றது சட்டை.

"மொதல்ல அவரப் புடி. பேரை அப்புறம் வச்சுக்கலாம்," என்று திரையாள் அதை வீசினாள்.

ஓரி இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டான். அதன் பெயரை அவன் கேட்கவில்லை.