கேமராவைத் தொடாத கல்யாணம்

பூசணிக்காட்டில் மூளையைப் பயன்படுத்தித் தேய்த்தவர் எவரும் கிடையாது; எல்லாருக்கும் புதுசாகவே இருக்கும். அந்த ஊர்ப் படக்காரன் சடையாண்டி. போன கல்யாணத்தை அவன் எடுத்த வீடியோவில் மூன்று மணி நேரமும் வந்தவர்களின் கால்கள்தான். இந்தக் கல்யாணப் படமும் கெட்டால் கேமராவைப் பிடுங்கிவிடுவதாக ஊர்த்தலைவர் கொம்பையா சொல்லியிருந்தார்.

மணப்பெண் பிச்சம்மாவின் அண்ணன் மாசானத்துக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. "நான் போன்லதான் பார்க்கணும். போனு நிக்கிற மாதிரி நட்டமா எடு. தங்கச்சி சாயாம நிமிந்து இருக்கணும்" என்று சொல்லிவிட்டான்.

சடையாண்டி டவுனுக்குப் போய், கேமராவை நட்டமாக ஸ்டாண்டில் மாட்டுகிற பிராக்கெட் ஒன்று வாங்கிவந்தான். கடைக்காரர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: "ஓட ஆரம்பிச்ச பிறகு கேமராவைத் தொடாதீங்க. ஆடிரும்."

முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பு கேமரா ஓடத் தொடங்கியது. எடை முழுக்க ஒரே பக்கம் இழுத்ததில் பிராக்கெட்டின் திருகு தளர்ந்தது. தூக்கம் வந்தவன் தலை மாதிரி கேமரா மெல்லச் சாய்ந்தது. திரையில் பிச்சம்மாவும் சாய்ந்தாள். சடையாண்டி கொம்பையாவிடம் ஓடினான்.

கொம்பையா மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கூட்டம் போட்டார்.

"திருகை முறுக்கினா என்னலே?"

"முறுக்கினா தொட்டதாயிரும், அண்ணாச்சி" என்றான் சடையாண்டி.

"ஸ்டாண்டைத் தொட்டா?"

"மடியில பிள்ளை தூங்குது. மடியை ஆட்டினா முழிக்காதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"நிறுத்திட்டு முறுக்குங்களேன்" என்றாள் பிச்சம்மா.

"நிறுத்தவும் தொடணுமே, தாயி. கல்யாணப் பொண்ணு இவ்வளவு பேசப்படாது" என்றார் கொம்பையா.

ஆக, கேமராவைத் தொடக்கூடாது; கல்யாணத்தைத் தொடலாம். பெண்ணையும் மாப்பிள்ளை வெயிலுமுத்துவையும் சற்றே சாய்த்து, விலாவுக்குத் தலையணை கொடுத்தார்கள். திரையில் இருவரும் நிமிர்ந்தார்கள். சடையாண்டிக்கு உயிர் வந்தது. கேமரா இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. இன்னொரு தலையணை வந்தது.

முகூர்த்த நேரத்தில் கேமரா கால்வட்டம் திரும்பிவிட்டது. பிச்சம்மாவைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். அவளுக்கு மேலே பந்திப் பெஞ்சைப் போட்டு மாப்பிள்ளையைக் கிடத்தினார்கள். பூசாரிக்கு அதற்கும் மேலே ஒரு பலகை. வெயிலுமுத்து பெஞ்சிலிருந்து கையைத் தொங்கவிட்டுத் தாலி கட்டினான். ஊரே அட்சதை தூவியது.

மூன்றாம் நாள் மாசானம் கூப்பிட்டான். சடையாண்டி போனை எடுத்தான்.

"ஏலே, படம் தூண் நட்ட மாதிரி நிக்குலே. எல்லாரும் அம்புட்டு நேரா இருக்காங்க. கண்ணு நிறைஞ்சு போச்சு. ஆனா அட்சதை எல்லாம் பக்கவாட்டுல பறக்கே. அன்னைக்கு அங்க புயலா?"

கேமரா போய்விடுமே என்ற பயத்தில் சடையாண்டி, "ஆமாண்ணே, பெரும்புயல்" என்றான்.

"ஐயோ, என் வீடு? நிமிந்து நிக்குதான்னு உடனே எடுத்து அனுப்பு."

சடையாண்டி அதே பிராக்கெட்டை மாட்டி, வீட்டுக்கு எதிரே ஸ்டாண்டை நிறுத்தி ஓடவிட்டான். வீடு குத்துக்கல்லாக நின்றது. கொஞ்ச நேரத்தில் கேமரா சாயத் தொடங்கியது.

கொம்பையா ஊரையே கூப்பிட்டார்.

"யாரும் கேமராவைத் தொடாதீங்கலே. சுவரைத் தள்ளுங்க."