கணப்பைச் சுற்றி

சபேசன் நடத்திய பாடம் தப்பு. வகுப்பே சிரித்தது.

சோடியம் அணு ஒரு எலெக்ட்ரானை இழந்தால் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்குகிறது. குளோரின் ஒன்றை வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு பங்காக வீங்குகிறது. ஏன் சார், என்றாள் ஒருத்தி.

மூட்டையில் சரக்கு குறைந்தால் சுருங்கும், கூடினால் உப்பும் என்றார்.

"எலெக்ட்ரானுக்கு எடையே இல்லேன்னீங்களே சார். ஒரு நெல்லை எடுத்தா மூட்டை பாதியாயிடுமா?"

மலைமேல் மடம். பள்ளிக்கூடமும் மடத்துடையதே. சபேசன் நேராக மடத்துத் தலைவியிடம் போனார். சபேசனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்கும் அம்மாதான்.

"நான் ஊருக்குப் போறேன் அம்மா. ஒரு பொண்ணு கேட்டதுக்குப் பதில் தெரியாதவன் வாத்தியார் இல்லை. போனா இங்கே என்ன குறையப் போகுது?"

"போங்க. போறதுக்கு முன்னாடி குளிர் காயுங்க."

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் நெருப்பு மூட்டிய கணப்பைச் சுற்றி உட்காருவார்கள். எவ்வளவு கிட்டவும் போகலாம். தோளோடு தோள் மட்டும் படக்கூடாது. பட்டால் பேச்சு வரும், பேச்சு வந்தால் சண்டை வரும். மடத்து விதி.

சபேசன் உட்கார்ந்தார். அம்மா தூணருகே நின்றார்.

"இப்பப் போங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தார். ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஆத்திரத்தோடு திரும்பிப் பார்த்தார்.

அவர் உட்கார்ந்திருந்த இடமே இல்லை. யாரும் சொல்லாமலே எல்லோரும் நெருப்பை நோக்கி நகர்ந்திருந்தார்கள். வட்டம் சிறுத்திருந்தது.

"அப்பாடா, இப்பத்தான் சூடு ஏறுது" என்றார் மருதநாயகம் சாமி. மடத்திலேயே பெரிய சிடுமூஞ்சி.

சபேசனுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று வந்து நடுவில் நுழைந்தார்.

"தோளு, தோளு!"

எல்லோரும் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்கள். வட்டம் பழையபடி ஆனது.

அம்மாவும் வந்து பக்கத்தில் நுழைந்தார். மறுபடி தோள். மறுபடி பின்வாங்கல். வட்டம் முன்னைவிடப் பெருத்துவிட்டது.

"ஆளு கூடுது. நெருப்பு கூடுதா?" மருதநாயகம் சாமி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இருக்கிற நெருப்பு அதேதானே!"

சபேசன் கையிலிருந்த பை நழுவியது.

கணப்பைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். நடுவே அணுக்கரு, சுற்றி எலெக்ட்ரான்கள்.

"ஊருக்குப் போகலையா?" என்றார் அம்மா.

"காலையில வகுப்பு இருக்கு."

"யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டா?"

சபேசன் எதிரே பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

"மருதநாயகம் சாமி."