இன்னாசி வெட்டிய வரிகள்

இருட்டிய பிறகு அந்தப் பெண்கள் விடுதிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, இரும்பு தரையை அறுப்பதுபோல. வாசலில் நின்ற இன்னாசிக்குப் பல் கூசியது.

"என்ன சத்தம் டீச்சர்?"

"கதவைத் தள்ளிப் பாருங்க, அண்ணே," என்றாள் சந்தனமேரி.

இன்னாசியைவிட அவள் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் குரு அவள்தான். ஆட்கள் வாய்ப்பேச்சாகச் சொல்வதைக் கணினிக்கான கறாரான விதிகளாக எழுதும் வேலையை அவளிடம்தான் கற்றுவந்தார். இந்த விடுதியின் மின்பூட்டு அவருடைய முதல் வேலை. வார்டன் பிலோமினா ஒரு மணி நேரம் சொன்னதை ஒரே வரியாக்கியிருந்தார்: 'இருபது பேரின் கைரேகையும் பதிந்ததும் கதவு பூட்டும்.' பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டிப் பூரித்தார்.

தள்ளினார். கதவு ஒரு சாண் திறந்து எதிலோ முட்டியது. உள்ளே இரும்புக் கட்டில். அதன்மேல் கைக்குழந்தையோடு ஒருத்தி வீறிட்டாள்.

பிலோமினா ஓடி வந்தாள். "அட, பூட்டு சாரா? வாங்க, வாங்க. ஒரு வாரமா இந்தக் கட்டில்தான் எங்களுக்குப் பூட்டு."

"ஏன், பூட்டலையா?"

"எப்படிப் பூட்டும்? ஸ்டெல்லாவுக்கு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. விடிஞ்சாத்தான் வருவா. உங்க பூட்டு அவளுக்காக வாயைப் பொளந்துட்டு நிக்குது. பழைய தாழ்ப்பாளையும் இதை மாட்ட வந்தவங்க கழட்டிட்டுப் போயிட்டாங்க."

இன்னாசி குருவிடம் திரும்பினார். "என் வரியில தப்பு எங்கே டீச்சர்? பத்து தடவை சரிபார்த்தேனே."

சந்தனமேரி வார்டனைக் கேட்டாள். "டூட்டி விஷயத்தை இவர்கிட்ட சொல்லலையாக்கா?"

"சொன்னேனே! டூட்டிக்குப் போறவளை விட்டுட்டு மத்தவங்களை எண்ணிப் பூட்டுவேன்னு. சார்தான், 'ஊர்க்கதை வேண்டாம்மா, விஷயத்துக்கு வாங்க'ன்னாரு."

இன்னாசியின் காது சுட்டது. குழந்தைக்காரி இன்னும் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

குரு, வரும்போதே பையில் போட்டு வந்திருந்த ஒரு தாழ்ப்பாளையும் திருப்புளியையும் எடுத்து நீட்டினாள். கட்டிலை நகர்த்தினார்கள். அவர் மண்டியிட்டு ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார்.

வெளியே வந்ததும் முணுமுணுத்தார். "தேவையில்லாததை வெட்டணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

"சொன்னேன் அண்ணே. எது தேவையில்லைன்னு, இந்தக் கதவுக்குப் பின்னால படுக்கிறவங்ககிட்ட கேட்டீங்களா?"

இன்னாசியின் முதுகுக்குப் பின்னால், உள்ளிருந்து தாழ் விழுந்தது.