பின்கழுத்தில் ஒரு பெயர்

வாய்க்கால் கரையோரம் சின்னதாக ஒரு மடம். அங்கே இருந்த சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரைக் குருவாக நினைத்து வியாழன்தோறும் வந்துபோகும் குழலிக்கு நாற்பத்தாறு.

"உன்ற தம்பி வயசு ஆளு கால்ல உழுகறயே குழலி" என்று மடத்துச் சமையற்காரி மரகதம் கேலி செய்வாள்.

"வயசுக்கா உழுகறேன்? நீ சோத்தைப் பாருக்கா" என்று குழலியும் விடமாட்டாள்.

அன்றைக்கு மரகதம் கேலி செய்தபோது குழலி பதில் சொல்லவில்லை. தோளில் ஒரு பெரிய துணிப்பை தொங்கியது. மறு கை மகன் நம்பியைப் பிடித்திருந்தது. நம்பிக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு வரவில்லை. மடத்துக்குள் வந்ததும் கையை உதறிக்கொண்டு, வழக்கம்போல் தண்ணீர்க் குழாயடியில் போய் உட்கார்ந்து சொட்டு விழுவதைப் பார்க்கத் தொடங்கினான்.

குழலி பையைச் சாமியின் முன்னால் வைத்தாள். வைத்த பிறகும் அதன் காதை விடவில்லை.

"என்னம்மா இது?"

"சட்டைங்க சாமி. நாளைக்குக் குடுக்கோணும். சிறப்புப் பள்ளிக்கூடத்துல விழா. அங்க படிக்கிற குழந்தைகளுக்கெல்லாம் நான் தைச்சதுதான்."

"நல்லது."

"நல்லதுதானுங்க. ஆனா, பயமா இருக்குதுங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்குந்தான்."

"ஒண்ணு சொல்லுங்க."

குழலி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "மேடையில ஏத்தி, ஏன் இந்தத் தொழிலை ஆரம்பிச்சீங்கன்னு கேப்பாங்களாம். போன மாசம் பயிற்சி வகுப்புலயும் கேட்டாங்க. ஒருத்தி சொந்தக் கால்ல நிக்கோணும்னா. இன்னொருத்தி, மாமியா வாயை அடைக்கோணும்னு சொன்னா, அத்தனை பேரும் கைதட்டுனாங்க. என் முறை வந்தது. எந்திரிச்சு நின்னேன். ஒண்ணும் வரல. உட்காந்துட்டேன்."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"பங்குனியில மிஷின் வாங்கி..."

"அது கேக்கலம்மா."

குழலி குழாயடியைப் பார்த்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் வரை நம்பி எந்தச் சட்டையையும் போட்டு நின்றதில்லை. போட்ட சற்று நேரத்தில் கத்துவான். கிழிப்பான். தன் கையைத் தானே கடிப்பான். அடம் என்றார்கள். செல்லம் என்றார்கள். வளர்ப்பு என்று அவள் காதுபடவே சொன்னார்கள். ஒருநாள் அவசரத்தில் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலம்வரை அவன் கத்தவில்லை. அவனை உறுத்தியது உள்ளே இருந்த தையல் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதன்பிறகு அவனுக்கு அவளே தைத்தாள். துணியைப் பலமுறை துவைத்து மிருதுவாக்கி, மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வருமாறு. பார்க்கிறவர்கள் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறான் என்று சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஒருத்தி, பேச்சுப் பயிற்சி நடக்கும் இடத்தில் தன் மகளோடு காத்திருந்த ஒரு தாய். "இது எங்கக்கா வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் சாமியும் அறிவார்.

"இவனுக்குத் தைக்கறதுக்கும் முன்னாடி ஒருநாள்" என்றாள் குழலி. "அப்ப இவன் படிச்ச பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சுங்க. போனா, சட்டையைக் கிழிச்சுட்டான்னு இவனை வெறும் உடம்போட ஒரு ரூம்ல விட்டுக் கதவைச் சாத்தியிருந்தாங்க. துண்டைச் சுத்திக் கூட்டியாந்தேன். பஸ்ஸுல என்ற மடியில தூங்கிட்டான். எனக்கு அப்பத்தான் பயம் புடிச்சதுங்க."

"ஏன்?"

"நான் இருக்கேன், போய்க் கூட்டியாந்தேன். நான் போயிட்டா? இவனுக்குத் துண்டு சுத்த ஆரு வருவா?"

சாமி குழாயடியில் இருந்த நம்பியைப் பார்த்தார்.

"அன்னைக்குப் புடிச்ச பயம் சாமி, இன்னும் விடல. இதையா மேடையில சொல்றது? தைரியம் வேணுங்கற எடத்துல என்கிட்ட இருக்கறது பயம்தான். அதை எடுத்துடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"எடுத்துட்டா, அப்புறம் தைக்கறது யாரு?"

குழலிக்குச் சுருக்கென்றது. ஆறுதல் கேட்டு வந்த இடத்தில் விடுகதை போடுகிறாரே என்று கோபம்கூட வந்தது. சாமி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். இளநீல நிறம். தையல் வெளியே ஒரு வரப்பு மாதிரி அழகாக ஓடியது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விரலை விட்டார். பின்கழுத்தில் விரல் நின்றது.

"இதென்னம்மா?"

"பேருங்க. லேபிள். பயிற்சியில சொன்னாங்க, பேரில்லாத சரக்கு தாயில்லாத புள்ளைன்னு. சரிகை நூல்ல நெய்யச் சொல்லி, நானே உக்காந்து வெச்சுத் தைச்சேன்." அவள் குரலில் அன்று முதன்முறையாக ஒரு மலர்ச்சி. "நம்பி ஆடையகம்."

சாமி சட்டையை மடித்து அவளிடமே கொடுத்தார். "இலை போட்டாச்சு. வாங்க."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சமைத்தவருக்குத்தான் முதல் இலை. அவர் உண்டு, தலையசைத்த பிறகே மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். மரகதம் முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். "என்ற சமையலை நானே தின்னோணுங்கறது தண்டனைங்க சாமி." ரசத்தைப் பிசைந்து ஒரு வாய் போட்டாள். முகம் கோணியது. எழுந்து போய் உப்பு டப்பாவோடு வந்தாள். "சிரிக்காதீங்க ஆரும். உங்களைக் காப்பாத்தியிருக்கேன்."

சாமி சிரித்தார். மரகதம் தலையசைத்து மற்ற இலைகளிலும் சோறு போட்டதும், சிரித்தபடியே குழலியின் பக்கம் திரும்பினார்.

"நம்பிக்கு எந்தச் சட்டைம்மா?"

"அவனுக்கு வீட்டுல பழசே நெறைய இருக்குங்க. இது கசங்கிடும்னு அவனுக்கு..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

எழுந்தாள். பையிலிருந்த இளநீலச் சட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நம்பி கையைத் தூக்கிக் காட்டினான். அம்மா தரும் சட்டை என்றால் அவன் இப்போதெல்லாம் மறுப்பதில்லை. தலையை நுழைத்துக்கொண்டு மறுபடி சொட்டைப் பார்க்கத் திரும்பினான்.

குழலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். சரிகை மெல்லியதுதானே.

நம்பியின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. தோள் உயர்ந்தது. கை பின்கழுத்துக்குப் போனது. அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். எத்தனையோ நாளாக அவள் பார்க்காத பார்வை. பிறகு கத்தினான்.

மரகதம் ஓடிவந்தாள். குழலி அவனைக் கட்டிப்பிடித்துச் சட்டையை உருவுவதற்குள் அவன் அதைத் தோளோடு கிழித்துவிட்டான். தன் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். பல்தடம் சிவந்து எழுந்தது. "இல்ல கண்ணு, இல்ல கண்ணு, கழட்டியாச்சு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஈரத்தரையில் அவனை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்துத்தான் அவன் உடம்பு தளர்ந்தது.

"அவன் பேரையே வெச்சுக் குத்திட்டனே" என்றாள், யாரிடமோ.

அவள் தலைநிமிர்ந்தபோது, சாமி கூடத்தில் பையை அவிழ்த்துச் சட்டைகளைப் பரப்பியிருந்தார். அவர் கையில் ஒரு பிளேடு இருந்தது. துணி கிழியாமல் நூலை அறுப்பது எப்படி என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"குடுங்க சாமி. நீங்க கழுத்தையே அறுத்துருவீங்க."

அவள் பிரித்தாள். சாமி அறுந்த நூல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மரகதம் சட்டைகளை மடித்தாள். ஒன்றைப் பிரித்து முடித்ததும் குழலி அதன் உட்புறத்தைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள். உறுத்தினால் மறுபடி நூல் தேடுவாள். அறுத்தெடுத்த பெயர்கள் அவள் மடியில் குவிந்தன.

கை ஓய்ந்த நேரத்தில் பயம் திரும்பி வந்தது.

"பேரில்லாம குடுத்தா, நாளைக்கு வேற ஆராச்சும் இதே மாதிரி தைச்சு வித்துட்டுப் போவாங்க சாமி."

"தைக்கட்டுமே. அவங்க விக்கிற இடத்துலேயும் குழந்தைங்க இருக்குமே."

"அப்ப, இந்தத் தொழிலும் போயிட்டா என்ற பையனுக்கு ஆரு இருப்பா?"

சாமி குனிந்து இன்னொரு சட்டையை எடுத்தார். ஒரு நூலைப் பிடுங்கினார். குழலி மறுபடி கேட்கவில்லை. அது அவராலும் சொல்ல முடியாத ஒன்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் பயம் குறையவில்லை. ஆனால் கை மறுபடி பிளேடை எடுத்தது.

கடைசிச் சட்டையும் முடிந்தது. பையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"மேடையில ஏன்னு கேட்டா, என்னங்க சொல்லட்டும்?"

சாமி மேல்துண்டில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிவிட்டார்.

"நாளைக்குச் சட்டையை வாங்குற அம்மா எவளும் முன்பக்கம் பார்க்கமாட்டா. கழுத்துக்குள்ள விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பா. அங்க உறுத்த ஒண்ணும் இருக்காது. அப்புறம் அவ உங்களை ஏன்னு கேக்கமாட்டா."