அனுப்பிய பக்கமே திரும்பும் ஒளி

"வெளிச்சத்துக்கு முதுகு கிடையாது" என்றோ, "வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டாதே" என்றோ ஒரு பணி ஓய்வு விழாவில் பெரியவர் ஒருவர் பேசினார். எது என்று இப்போது நினைவில்லை. அவர் பேராசிரியர் தெய்வசிகாமணி; இது அவருடைய ஆய்வகத்தில் முன்பு நடந்தது.

மருத்துவமனை வராந்தாவில் பேராசிரியர் தெய்வசிகாமணியும் அவருடைய மாணவன் வில்லவனும் நின்றிருந்தார்கள். உள்ளே அருளப்பன் படுத்திருந்தார். லேசர் கண்ணாடிகளைத் திருப்பி நிறுத்துவது அவர் வேலை. ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன.

எலக்ட்ரான் இயந்திரம் இருந்த ஆய்வகக் கூடத்தில் ஒரு வழக்கம். உள்ளே போகிறவர் பலகையிலிருந்து தன் சாவியை உருவிக்கொண்டு போக வேண்டும். பலகையில் ஒரு துளை காலியாக இருந்தாலும் இயந்திரம் ஓடாது. அருளப்பன் சாவியோடுதான் போனார். அவர் வெளியே வந்துவிட்டார், சாவியை வைக்க மறந்துவிட்டார் என்று நினைத்த வில்லவன், துளையில் உதிரிச் சாவியைச் செருகி இயந்திரத்தை ஓட்டினான். வாந்தியெடுத்து மயங்கியவரைத் தூக்கும்போது அவர் பையிலிருந்த சாவியை எடுத்து, உதிரிக்குப் பதில் பலகையில் மாட்டிவிட்டான். பேராசிரியரிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"நாளைக்கு விசாரணை. என்ன சார் சொல்றது?"

"என்ன சொல்லலாம்னு இருக்கே?"

"சாவி எடுக்காம உள்ள போயிட்டார்னு. இனிமே அவருக்கு என்ன சார் ஆகப்போகுது?"

"அவர் தப்புன்னா, அவர் சம்சாரத்துக்கு வாரிசு வேலை தர மாட்டாங்க."

"என் தப்புன்னா நான் ஜெயிலுக்குப் போகணும் சார்."

பேராசிரியர் அறைக்கதவைத் திறந்து அருளப்பனின் மனைவி லூர்துமேரியை வெளியே அழைத்தார்.

"என்கிட்ட கேட்டதை இவர்கிட்ட கேளும்மா."

"பச்சை லைட்டுதானே சார் அடிச்சீங்க? அது பட்டா இப்படியா ஆகும்?"

வில்லவன் பேராசிரியரைப் பார்த்தான்.

"ஆராய்ச்சிப் பேப்பர்ல நல்லா எழுதுவியே. சொல்லு."

"எதிர்ல எலக்ட்ரான் பயங்கர வேகத்துல வரும்க்கா. லைட்டு அதுல மோதினா அனுப்பின பக்கமே திரும்பிடும். எலக்ட்ரானோட சக்தியை வாங்கிக்கிட்டு, கோடி மடங்கு பலமா. காமா கதிர்னு பேரு."

"இவர் கண்ணாடிக்குப் பின்னாடிதானே நின்னாரு?"

"கண்ணாடி பச்சை லைட்டைத்தான் திருப்பும். காமா அதைத் துளைச்சிக்கிட்டுப் போயிடும்."

அவள் சற்று யோசித்தாள்.

"ஆள் உள்ள இருந்தா மெஷினே ஓடாதுன்னு சொல்வாரே சார். 'சாவி என் பையில இருக்கு, நீ ஏன்டி சாகறே'ன்னு சிரிப்பாரே. எப்படி ஓடிச்சு?"

வில்லவன் பேராசிரியர் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்க சொல்லுங்களேன்."

"இதுவரைக்கும் அவங்க கேட்டது பிசிக்ஸ். அதை நானே சொல்லியிருப்பேன்" என்றார் பேராசிரியர்.

உதிரிச் சாவியைச் செருகியது தான்தான் என்று வில்லவன் மறுநாள் விசாரணையில் சொன்னான்.