பெண் தூக்கணாங்குருவி கூட்டுக்குள் ஏன் பேசிக்கொண்டே போகிறது?

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தபோது, பெண் தூக்கணாங்குருவி மட்டும் அதிகம் வாய் திறக்காது. ஆண் கூட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கூப்பிடும். பெண் உள்ளே போய்ப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்று முடித்துக்கொள்ளும். பாவம், ஆண் நார் நாராய்ச் சுமந்து வந்த பாட்டைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்ல வரும்?

கிணற்றின் மேல் சாய்ந்த பனையில் பொன்முடி என்ற ஆண்குருவி கூடு கட்டியது. அதன் துணை தவிட்டி உள்ளே நுழைந்தபோது, "இடப்பக்கம் திரும்பு, காலை மேலே வை" என்று பொன்முடி வெளியிலிருந்து வழி சொல்லிக்கொண்டே இருந்தது. தவிட்டியும் அப்படியே நடந்து, நல்லா இருக்கு என்றது; அங்கேயே முட்டையும் இட்டது. பொன்முடி இரை தேடப் போயிருந்த ஒரு நாள் பெருங்காற்று வீசியது. கூடு ஆடியது. கால் வைக்க இடம் தெரியாமல் தவிட்டி தடுமாற, முட்டைகள் வாசல் வழியே உருண்டு கிணற்றில் விழுந்தன. ஐயோ, அந்தத் தாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் முட்டையிட முடியும். பொன்முடி புதுக் கூட்டைப் பாதியோடு நிறுத்திவிட்டுத் தவிட்டியைக் கூப்பிட்டது.

"புள்ள, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதே. மனசுல என்ன ஓடுதோ, அதைச் சொல்லிக்கிட்டே உள்ளே போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கூட்டைத்தானே சொல்லப்போறே, என்னையா?"

தவிட்டி நுழைந்தது. "இதுதான் வழின்னு நினைச்சேன்... இல்லை போல. எங்கே கால் வைக்கிறது? ஏன் இப்படி ஆடுது! முட்டையை இங்கே வெச்சா... ஐயையோ, நேரா வாசலுக்குல்ல உருளும்!"

'இடப்பக்கம்!' என்ற சொல் பொன்முடியின் தொண்டைவரை வந்துவிட்டது. அலகை இறுக்கி மூடிக்கொண்டது. சிறகு மட்டும் அடங்காமல் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒவ்வொரு நாரையும் தானே பின்னிய கூடு. ஆனாலும் அதன் உள்பக்கத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. அடேயப்பா, இன்னோர் உயிரின் மனதுக்குள் போய் நிற்பது சின்ன விஷயமா! பனையிலிருந்த மற்றக் குருவிகளும் மூச்சுக் காட்டாமல் கேட்டன.

பொன்முடி ஈரக் களிமண்ணைக் கொண்டுவந்து உள்ளே அப்பியது; ஆட்டம் குறைந்தது. முட்டைக்கும் வாசலுக்கும் நடுவே வரப்பு போலத் தடுப்பு பின்னியது. தவிட்டி மறுபடியும் பேசிக்கொண்டே போனது. சொல்ல ஒன்றுமில்லாமல் போனதும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அடுத்த காற்றுக்குப் பனையே வளைந்தது. வயலிலிருந்து பதறிப் பறந்து வந்த பொன்முடி முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தது. தண்ணீரில் எதுவும் இல்லை. மேலே கூட்டுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

அன்று முதல்தான் பெண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டுக்குள் கீச்சிட்டுக்கொண்டே நுழைகிறது. ஆண் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், வெளியே தொங்கிச் சிறகடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறது.